நீரை வென்ற மாலுமி!

குழந்தைகளே! ஒலிம்பிக் நீச்சல் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பளிங்கு போலத் தெளிந்த நீலத் தண்ணீர். குளத்தின் அடியில் நேர்கோடுகள். பாதைகளைப் பிரிக்க வண்ண வண்ண மிதவைக் கயிறுகள். விசில் ஊதியதும் எட்டு வீரர்கள் மேடையேறி, வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போல நீரில் பாய்வார்கள். சுவரைத் தொட்ட மறுகணமே பலகையில் நேரம் வந்துவிடும்.

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் நீச்சலில் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் கலந்துகொண்டார்கள். உலக வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிற அளவுக்குச் சின்னஞ்சிறு தீவு நாடுகள்கூட அதில் இருந்தன.

அப்படியானால் முதல் நவீன ஒலிம்பிக்கில், அதாவது 1896-இல், நீச்சலில் எத்தனை நாடுகள் கலந்துகொண்டிருக்கும்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். ஐம்பதா? முப்பதா? இல்லை. நான்கே நான்கு நாடுகள்தான்! நீச்சல் குளமும் கிடையாது. நடுக்கடலில் கொண்டுபோய் விட்டு, கரைக்கு நீந்தி வரச் சொன்னார்கள்.

அந்தக் கடலில் முதல் ஆளாகக் கரை சேர்ந்த 18 வயது இளைஞரின் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள். அவர் பெயர் ஆல்ஃபிரட் ஹாயோஷ்.

தந்தையைப் பறித்த நதி

ஐரோப்பாவில் ஹங்கேரி என்றொரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் புடாபெஸ்ட். நகரத்தின் நடுவே டான்யூப் என்ற பெரிய நதி ஓடுகிறது. நதியின் ஒரு கரையில் இருந்த ஊர் புடா. மறு கரையில் இருந்த ஊர் பெஸ்ட். இரண்டும் சேர்ந்து ஒரே நகரமானதால் புடாபெஸ்ட் என்று பெயர் வந்தது.

இந்த நகரத்தில் 1878-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி, ஒரு யூதக் குடும்பத்தில் அந்தக் குழந்தை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் அர்னால்டு குட்மான்.

அர்னால்டுக்கு 13 வயதானபோது அந்தக் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. அவனுடைய அப்பா டான்யூப் நதியில் மூழ்கி இறந்துபோனார்.

நினைத்துப் பாருங்கள். உங்களில் பலருடைய வயதுதான் அவனுக்கு. தினமும் கண்ணில் படுகிற நதி அது. அதுதான் தன் அப்பாவைக் கொண்டுபோனது என்றால் அந்தப் பிஞ்சு மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இனி தண்ணீர்ப் பக்கமே போக மாட்டேன் என்று அவன் ஒதுங்கியிருந்தால், யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அர்னால்டு வேறு முடிவெடுத்தான். தண்ணீரைக் கண்டு பயப்படுவதில்லை. அதில் நீந்தக் கற்றுக்கொள்வது. சும்மா கற்றுக்கொள்வதோடு நிற்காமல், மிகச் சிறந்த நீச்சல்காரனாக ஆவது. அன்று எடுத்த முடிவை அவன் கடைசிவரை கைவிடவில்லை.

போட்டிகளில் இறங்கத் தொடங்கியதும் அவன் தன் பெயரையும் மாற்றிக்கொண்டான். ஹாயோஷ் என்றால் ஹங்கேரி மொழியில் மாலுமி என்று பொருள். நீரை அஞ்சாதவனுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் பார்த்தீர்களா?

பயிற்சி வீண்போகவில்லை. 1895-இல் வியன்னா நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் முதலிடம் பெற்றார் ஹாயோஷ். அப்போது அவருக்கு வயது 17.

நான்கு நாடுகள், ஒரு கடல்

பழங்கால கிரேக்கர்கள் ஒலிம்பியா என்ற ஊரில் விளையாட்டு விழா நடத்தி வந்தார்கள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பல நூற்றாண்டுகளாக நின்றுபோயிருந்த அந்த விழாவுக்கு 1896 ஏப்ரல் மாதம் ஏதென்ஸ் நகரில் மீண்டும் உயிர் கொடுத்தார்கள்.

ஹாயோஷ் அப்போது புடாபெஸ்டில் கட்டடக்கலை படிக்கும் மாணவர். போட்டிக்காகக் கல்லூரியில் விடுப்பு வாங்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒலிம்பிக் என்றால் என்ன என்பதே அன்று பலருக்குத் தெரியாது. கடைசியில் எப்படியோ அனுமதி கிடைத்தது. ஹங்கேரியிலிருந்து மொத்தம் 7 வீரர்கள் ஏதென்ஸ் சென்றார்கள்.

நீச்சலில் கலந்துகொண்ட நான்கு நாடுகள் எவை தெரியுமா? கிரீஸ், ஹங்கேரி, ஆஸ்திரியா, அமெரிக்கா. அந்தக் காலத்தில் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் ஒரே பேரரசரின் ஆட்சியில் இருந்தன. ஆனாலும் ஒலிம்பிக்கில் தனித்தனி நாடுகளாகவே களமிறங்கின. கடல் கடந்து வந்த நாடு அமெரிக்கா ஒன்றுதான். வீரர்களில் பெரும்பாலோர் போட்டியை நடத்திய கிரீஸ் நாட்டுக்காரர்கள். நான்கு பந்தயங்களில் ஒன்று கிரேக்கக் கடற்படை மாலுமிகளுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பெண்கள் யாருக்கும் அந்த ஒலிம்பிக்கில் இடம் இல்லை.

ஏதென்ஸ் அருகே பிரேயுஸ் என்ற துறைமுகம் உள்ளது. அதையொட்டிய சேயா விரிகுடாவில், ஏப்ரல் 11-ஆம் தேதி, ஒரே நாளில் எல்லா நீச்சல் பந்தயங்களும் நடந்தன. கரையில் சுமார் 20,000 பேர் கூடி நின்றார்கள். கிரேக்க மன்னரும் வந்திருந்தார்.

வசந்த காலம்தான். ஆனாலும் தண்ணீரின் வெப்பநிலை 13 டிகிரி செல்சியஸ். நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரி என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதைவிட 24 டிகிரி குறைவான தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும்? மூச்சு திணறும். கை கால்கள் மரத்துப் போகும். குளிர் நேரடியாகத் தாக்காமல் இருக்க ஹாயோஷ் உடம்பு முழுவதும் கொழுப்பைத் தடித்த பூச்சாகப் பூசிக்கொண்டார். இன்றைய வீரர்களைப் போலக் கண்ணுக்குக் கண்ணாடியோ, விசேஷ உடையோ கிடையாது. எந்தத் திசையில் நீந்த வேண்டும் என்று காட்ட, குடைந்தெடுத்த பூசணிக்காய்களைக் கடலில் மிதக்க விட்டிருந்தார்கள் என்றும் சொல்வார்கள்!

அலைகளோடு ஒரு போராட்டம்

முதலில் 100 மீட்டர் பந்தயம். வீரர்களைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய் இறக்கினார்கள். துப்பாக்கி வெடித்ததும் கரையை நோக்கி நீந்த வேண்டும்.

ஹாயோஷுக்கும் ஆஸ்திரியாவின் ஓட்டோ ஹெர்ஷ்மான் என்பவருக்கும் கடும் போட்டி. ஒருவரையொருவர் விடவில்லை. கடைசியில் 1 நிமிடம் 22.2 வினாடியில் ஹாயோஷ் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ஹெர்ஷ்மானுக்கும் அவருக்கும் இடையே ஒரு வினாடிகூட வித்தியாசம் இல்லை. நவீன ஒலிம்பிக்கின் முதல் நீச்சல் பந்தயம் அதுதான். முதல் வெற்றியாளர் நம் ஹாயோஷ்தான்.

அடுத்து 500 மீட்டர். அதிலும் கலந்துகொள்ள ஹாயோஷுக்கு ஆசை. ஆனால் 100 மீட்டருக்கும் 1200 மீட்டருக்கும் நடுவில் அது வைக்கப்பட்டிருந்ததால் ஓய்வெடுக்க நேரமில்லை. ஆகவே அதை விட்டுவிட்டார். அந்தப் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் பால் நாய்மான் வென்றார்.

கடைசியாக 1200 மீட்டர். இதுதான் உண்மையான சோதனை. படகுகள் வீரர்களை ஏற்றிக்கொண்டு திறந்த கடலுக்கே சென்றன. அங்கே அலைகள் ஆளுயரத்துக்கும் மேலே எழுந்தன. வீரர்களை இறக்கிவிட்டுப் படகுகள் விலகியபோது ஹாயோஷின் உடம்பு குளிரில் நடுங்கியது. மனம் பயத்தில் நடுங்கியது. குளிரால் கை கால் விறைத்துப் போய்த் தான் மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது.

அவருடைய அப்பாவும் தண்ணீரில்தானே உயிர்விட்டார்?

ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையைவிட, உயிரோடு கரை சேர வேண்டும் என்ற எண்ணமே அப்போது தனக்குப் பெரிதாக இருந்தது என்று பிற்காலத்தில் ஹாயோஷ் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அலையைக் கிழித்துக்கொண்டு ஒரே மூச்சாக நீந்தினார். குளிர் தாங்காத சிலரைப் படகுக்காரர்கள் தூக்கி ஏற்றினார்கள். ஹாயோஷ் நிற்கவே இல்லை.

18 நிமிடம் 22.2 வினாடியில் அவர் கரையைத் தொட்டார். இரண்டாவதாக வந்த கிரேக்க வீரர் கரை சேர அதற்கு மேல் இரண்டரை நிமிடத்துக்கும் அதிகமாக ஆயிற்று!

பயமே இல்லாதவன்தான் வீரன் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை, குழந்தைகளே. பயம் இருந்தும், கற்றுக்கொண்டதை நம்பிக் கையை வீசுகிறானே, அவன்தான் வீரன்.

ஆளுக்கொரு கேள்வி

வெற்றி பெற்றவர்களுக்கு விருந்து நடந்தது. கிரேக்க நாட்டின் பட்டத்து இளவரசர் ஹாயோஷிடம், இவ்வளவு நன்றாக நீந்த எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று வியப்போடு கேட்டாராம். ஹாயோஷ் சிரிக்காமல் சொன்ன பதில் என்ன தெரியுமா? தண்ணீரில்தான் என்றாராம்!

ஊருக்குத் திரும்பியதும் கல்லூரித் தலைவரைப் பார்க்கப் போனார். பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார். ஆனால் தலைவரோ, உன் பதக்கங்களில் எனக்கு அக்கறை இல்லை, அடுத்த தேர்வில் நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று கேட்கத்தான் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் ஹாயோஷ் கோபித்துக்கொண்டு படிப்பை விடவில்லை. விளையாட்டையும் விடவில்லை. இரண்டையும் இரு கண்களாக வைத்துக்கொண்டார். படித்து முடித்துக் கட்டடக் கலைஞரானார். ஓட்டப்பந்தயம், தடை ஓட்டம், வட்டெறிதல் ஆகியவற்றில் ஹங்கேரி நாட்டின் முதலிடத்தைப் பிடித்தார். 1902-இல் ஹங்கேரிக் கால்பந்து அணி தன் முதல் சர்வதேசப் போட்டியை ஆஸ்திரியாவுடன் ஆடியபோது, அந்த அணியிலும் ஹாயோஷ் இருந்தார். அன்று ஹங்கேரி 5-0 என்று தோற்றது. எல்லாப் போட்டியிலும் எல்லோரும் ஜெயித்துவிட முடியுமா என்ன?

தங்கம் இல்லாத வெற்றிகள்

இங்கே உங்களுக்கு ஒரு விடுகதை. ஹாயோஷ் வாழ்நாளில் மூன்று ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றார். மூன்றும் வெள்ளி. ஆனால் மூன்று முறையும் அவருக்கு முன்னால் யாருமே இல்லை. அது எப்படி?

விடை இதோ. 1896-இல் முதலிடம் பெற்றவருக்குத் தங்கம் தரும் வழக்கம் இல்லை. வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் மரக்கிளையும்தான் பரிசு. ஆகவே நீச்சலில் இரண்டு வெள்ளி.

மூன்றாவது பதக்கம் நீச்சலுக்குக் கிடைத்தது அல்ல. 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் கலைப் போட்டிகளும் நடந்தன. ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம், கட்டடக்கலை என ஐந்து பிரிவுகள். 1924-இல் பாரிஸில் நடந்த கட்டடக்கலைப் போட்டிக்கு, ஹாயோஷும் அவருடைய நண்பர் டெஷோ லௌபரும் சேர்ந்து ஒரு விளையாட்டு அரங்கத்தின் வரைபடத்தை அனுப்பினார்கள். நடுவர்கள் அந்த ஆண்டு அந்தப் பிரிவில் யாருக்கும் தங்கம் தரவில்லை. கிடைத்தவற்றில் உயர்ந்த பரிசான வெள்ளி, இவர்களுக்கே வந்தது. அப்போது ஹாயோஷுக்கு 46 வயது.

விளையாட்டு, கலை இரண்டிலும் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் உலகிலேயே இருவர்தான். ஒருவர் அமெரிக்காவின் வால்டர் வைனன்ஸ். மற்றவர் ஹாயோஷ்.

நதி நடுவே ஒரு நீச்சல் குளம்

ஹாயோஷுக்குப் பின் ஒலிம்பிக் நீச்சல் எங்கெல்லாம் நடந்தது தெரியுமா? 1900-இல் பாரிஸின் சேன் நதியில். 1904-இல் அமெரிக்காவில் ஒரு செயற்கை ஏரியில். 1908-இல்தான் லண்டனில், விளையாட்டரங்கத்துக்குள்ளேயே குளம் கட்டி நடத்தினார்கள்.

அதே 1908-இல் லண்டனில் எட்டு நாடுகள் கூடி, சர்வதேச நீச்சல் சம்மேளனத்தைத் தொடங்கின. பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம், டென்மார்க், சுவீடன், பின்லாந்து ஆகியவற்றோடு எட்டாவதாக நின்ற நாடு ஹங்கேரி. எந்த நாட்டில் நீந்தினாலும் ஒரே தூரம், ஒரே விதி, ஒரே கணக்கு என்று ஏற்படுத்தியது இந்தச் சம்மேளனம்தான். அப்போதுதானே ஒரு நாட்டு வீரரின் நேரத்தை இன்னொரு நாட்டு வீரரின் நேரத்தோடு நியாயமாக ஒப்பிட முடியும்? 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்களும் நீச்சலில் முதல்முறையாகக் கலந்துகொண்டார்கள்.

ஹங்கேரியில் குளிர்காலம் கடுமையானது. கோடையில் மட்டும் நீந்திவிட்டு, மற்ற மாதங்களில் சும்மா இருந்தால் நல்ல வீரர்கள் உருவாவார்களா? பனி பெய்தாலும் பயிற்சி செய்ய, கூரையோடு கூடிய பெரிய நீச்சல் குளம் தேவைப்பட்டது.

அதை வடிவமைத்துக் கட்டியவர் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஆமாம், ஹாயோஷ்தான்! 1930-இல் அந்தத் தேசிய நீச்சல் அரங்கம் திறக்கப்பட்டது. குளிர்க் கடலில் நடுங்கியபடி நீந்தியவர், மற்றவர்கள் நடுங்காமல் நீந்த ஒரு கூரை போட்டுக் கொடுத்தார்.

அந்த அரங்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? மார்கரெட் தீவில். அந்தத் தீவு எங்கே இருக்கிறது? டான்யூப் நதியின் நடுவில்! எந்த நதி அவருடைய அப்பாவைப் பறித்ததோ, அதே நதியின் நடுவே, பிள்ளைகள் பத்திரமாக நீச்சல் பழக ஓர் இடத்தை அமைத்தார் அந்த மகன்.

போர்க்காலம்

கதை இத்தோடு இனிமையாக முடியவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தது. ஹிட்லரின் நாஜிகள் ஐரோப்பா முழுவதும் யூதர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். எத்தனை திறமை இருந்தாலும், நாட்டுக்கு எவ்வளவு பெருமை தேடித் தந்திருந்தாலும் அவர்கள் இரக்கம் காட்டவில்லை.

100 மீட்டரில் ஹாயோஷுக்கு ஒரு வினாடிகூடப் பின்தங்காமல் வந்தாரே, ஓட்டோ ஹெர்ஷ்மான்? அவரும் யூதர்தான். 1912-இல் வாள் சண்டையிலும் ஆஸ்திரியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் வென்று தந்தவர். 1942-இல் வியன்னாவிலிருந்து அவரைப் பிடித்துச் சென்று கொன்றுவிட்டார்கள். ஹாயோஷ் உயிர் தப்பினார்.

விளையாட்டு மைதானத்தில் நாம் எதிரணியோடு மோதுகிறோம். ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்குகிறோம். அந்தக் கைகுலுக்கலின் அருமை, மனிதனை மனிதன் வெறுக்கிற காலத்தில்தான் புரிகிறது.

போருக்குப் பிறகு நல்ல நாட்களும் வந்தன. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஐந்து நீச்சல் பந்தயங்களில் நான்கில் ஹங்கேரிப் பெண்களே தங்கம் வென்றார்கள். அப்போது ஹாயோஷுக்கு 74 வயது. மறு ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அவருக்குச் சிறப்புப் பட்டயம் வழங்கிக் கௌரவித்தது. 1955 நவம்பர் 12-ஆம் தேதி, தான் பிறந்த புடாபெஸ்டிலேயே அவர் காலமானார்.

நான்கிலிருந்து இருநூறு

இன்று அந்த நீச்சல் அரங்கத்துக்கு ஹாயோஷின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். 2017-இல் புடாபெஸ்டில் உலக நீச்சல் போட்டி நடந்தபோது, வாட்டர்போலோ ஆட்டங்கள் அங்கேதான் நடைபெற்றன. நான்கு நாடுகள் மட்டும் கலந்துகொண்ட காலத்தில் வென்றவர் கட்டிய அரங்கில் எத்தனை நாட்டுக் கொடிகள் பறந்தன பாருங்கள்!

எட்டு நாடுகள் தொடங்கிய சம்மேளனத்தில் இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் உறுப்பினராக இருக்கின்றன. ஒலிம்பிக்குக்குத் தகுதி நேரத்தை எட்டும் வீரர்கள் இல்லாத நாடுகளுக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று அனுப்ப விதியில் வழி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நீச்சல் குளங்களே அதிகம் இல்லாத சிறிய நாடுகளும் அணிவகுப்பில் நிற்கின்றன. ஜெயிப்பது அப்புறம், முதலில் எல்லோரும் தண்ணீரில் இறங்க வேண்டும் அல்லவா?

ஹாயோஷ் 100 மீட்டருக்கு 82 வினாடிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார். 2024-இல் பாரிஸில் சீன வீரர் பான் ஜான்லே அதே தூரத்தை 46.40 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அதனால் ஹாயோஷின் பெருமை குறைந்துவிடுமா? அலையில்லாத குளமும், சரியான அளவும், நல்ல பயிற்சியும் இன்றைய வீரர்களுக்குக் கிடைக்கின்றன. அவையெல்லாம் இல்லாத காலத்தில் நடுக்கடலில் குதித்தவர் அவர்.

குழந்தைகளே, ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஆற்றிலும் குளத்திலும் கிணற்றிலும் எத்தனையோ பிள்ளைகள் தவறி விழுந்து உயிரிழக்கிறார்கள். ஹாயோஷின் கதையைப் படித்துவிட்டு யாரும் தனியாக ஆற்றில் குதித்துவிடாதீர்கள்! தண்ணீரை அவர் அலட்சியம் செய்யவில்லை; முறையாகக் கற்றுக்கொண்டார். நீங்களும் அப்பா, அம்மாவிடமோ நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவரிடமோ சொல்லி, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ஆழம் குறைந்த இடத்தில் நீச்சல் பழகுங்கள். பதக்கம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒருநாள் அது உங்கள் உயிரைக் காக்கும். இன்னொருவர் உயிரையும் காக்கலாம்.